பங்கின் மண்ணெண்ணெய்

ரசீதில் இருந்தது இவ்வளவுதான்:
புனித ப்ரிஜித் கோவில், ஐந்நூறு லிட்டர்,
பின்பக்கத் தொட்டி, சாவி கல்லுக்கடியில்.

டனிகால் கரையோரம் பதினாறு வருடமாக
இந்த டாங்கர் லாரியை ஓட்டுகிறேன்.
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்த வீட்டுக் காசோலை திரும்பும்,
எனக்குத் தெரியும்.
பூசைக்குப் போகிறவன் இல்லை.

பாலத்தைத் தாண்டும்போது போன்.
பங்குத்தந்தை மலக்கி. நலம் விசாரிக்கும் பழக்கம்
அவருக்குக் கிடையாது.
"விலாசம் மாறிவிட்டது, ஃபின்டன்.
மேட்டில், கன்செப்டா வீடு.
ரசீதை மாற்றாதே."

கன்செப்டாவை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன்.
பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய
இருபது லிட்டர் கேனை
பழைய குழந்தைத் தள்ளுவண்டியில் கிடத்தி,
கழுத்துவரை போர்வை போர்த்தி,
மழையில் மேடேறிக்கொண்டிருந்தாள்.
நிறுத்தினேன்.
"நடை உடம்புக்கு நல்லது" என்றாள்,
வண்டிக்குள் பிள்ளை தூங்குவதுபோல
மெல்லிய குரலில்.

அக்டோபரில் புருஷனைப் புதைத்தாள்.
அவன் வைத்துவிட்டுப் போன கடன்
நவம்பரில் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டியது.

அவள் தபால் நிலையம் போயிருந்த நேரம்
குழாயை வேலிக்கு மேல் இழுத்தேன்.
தொட்டி காலி. அடியில் துரு மட்டும்.
மீட்டர் ஓடி நின்றது. வந்துவிட்டேன்.

மாலையில் அலுவலகத்துக்கு அவள் போன்:
"தப்பான வீட்டில் ஊற்றிவிட்டீர்கள்.
வந்து எடுத்துக்கொண்டு போங்கள்."
ஊற்றியதை உறிஞ்சச் சட்டம் அனுமதிக்காது என்றேன்.
அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு. அம்மாவின் ஆண்டுத் திருப்பலி,
போகாமல் இருக்க முடியவில்லை.
கோவிலுக்குள் வெளியைவிடக் குளிர்.
சாம்பிராணி தேவைப்படவில்லை;
"ஆமென்" சொன்ன ஒவ்வொரு வாயிலிருந்தும்
புகை எழுந்தது.
ஆர்கன் வாசிக்கும் டிம்ப்னா
கையுறையோடு வாசித்ததில்
இரண்டிரண்டு கட்டையாக அழுந்தி
ஒரு புது ராகம் பிறந்தது.
மலக்கி பிரசங்கத்தை நான்கு நிமிடத்தில் முடித்தார்.
சபை அவரை மன்னித்தது.

வாசலில் கன்செப்டாவின் குரல்தான் உரக்க:
"வாராவாரம் இரண்டு யூரோ போடுகிறேன்.
ஒரு கரண்டி எண்ணெய்க்கு வழியில்லையா?
காசெல்லாம் எங்கே போகிறது?"

கணக்கெழுதும் யூஜீன்
தன் ஷூ முனையை ஆராய்ந்தார்.
நான் வானத்தைப் பார்த்தேன், வானத்தில் ஒன்றுமில்லை.
"நியாயமான கேள்வி" என்றார் மலக்கி.
"பங்குப்பேரவையில் வைக்கிறேன்."

"பேரவை கூடுவதற்குள் இவளுக்கு விரல் உதிர்ந்துவிடும்"
என்று டிம்ப்னாவின் கையைப் பிடித்தாள்.
"கம்பெனிக்காரனின் மடத்தனத்தால்
என் தொட்டி நிறைய இருக்கிறது.
பாடகர் குழு புதன்கிழமை
என் சமையலறைக்கு வரட்டும்."

புதன் இரவு அந்த வழியாகப் போனேன்.
வேலியோரம் எட்டுக் கார்.
ஜன்னலெல்லாம் ஆவி.
உள்ளே யாரோ கட்டைக்குரலில்
சுருதியை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பத்துக் கார்.
அதற்கடுத்து, கடற்கரை ஹோட்டலில் தங்கவைத்திருக்கும்
உக்ரைன்காரி ஒக்ஸானாவும்
வீட்டுப்பாட நோட்டுகளோடு மூன்று பிள்ளைகளும்;
அந்த ஹோட்டலில் மேஜை கிடையாதாம்.
இதில் எதுவும் ரசீதில் வராது.

பிப்ரவரியில் மறுபடி:
புனித ப்ரிஜித் கோவில், ஐந்நூறு லிட்டர்.
இந்தத் தடவை போன் வரவில்லை.
பாலத்தில் கொஞ்சம் மெதுவாகவே போனேன்,
வரவில்லை.

கல்லைப் புரட்டினால்
சாவிக்குக் கீழே ஓர் உறை, ஈரத்தில் ஊறி.
உள்ளே இருபது யூரோ.
பெயர் இல்லை.
"கம்பெனியின் தவறுக்கு, முதல் தவணை"
என்று மட்டும்.

எந்தக் கணக்கில் எழுதுவது?
கம்பெனிக்கு இது தெரியாது,
பங்கு இதை ஒப்புக்கொள்ளாது.
லாரியின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்,
ஹீட்டர் காற்று படும் இடத்தில்,
காய்ந்துகொண்டிருக்கிறது.