இருபத்துநாலு பாதி

பெரிய சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி.
குடமுருட்டியில் மணல்தான் ஓடுகிறது.
தாளடி அறுத்த வயலில் வாத்து மேய்க்கும் கலியனிடம்
காலையில் வாங்கிய முட்டை ஆறு,
போன வாரம் வாங்கி அரிசிப்பானையில் புதைத்தது ஆறு.

புதுசு தோல் உரியாது.
சதையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.
ஒரு வாரம் கிடந்தது சொன்னபடி கேட்கும்,
சட்டையைக் கழற்றுவதுபோல.
இதை மடத்துச் சமையற்கட்டில்
இரண்டு வருஷம் வெங்காயம் உரித்துத்தான் கற்றேன்.
எடெல் சிஸ்டர் இதற்குச் சொன்ன பெயர் டெவில்டு எக்.
டெவில் என்றால் யார் என்று தெரிந்ததால்
என் நோட்டில்
காரமுட்டை என்று எழுதிக்கொண்டேன்.

கொதிக்கும்போது கரண்டியால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்,
கரு நடுவில் நிற்க.
சுற்றினேன்.
பால்காரர் அப்போதுதான் வந்தார்.

தையல் நூலால் அறுத்தேன்.
நூல் நேராகத்தான் போனது.
கரு அதன் இஷ்டத்துக்கு ஒதுங்கியிருந்தது:
ஒரு பாதியில் வெள்ளை தடியாக,
மறு பாதியில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால்
சர்வேயரும் இப்படித்தான் சங்கிலி பிடித்தார்.
கோடு நேர்தான்.
போர்செட்டு இந்தப் பக்கம்,
களர் அந்தப் பக்கம்.
சூசைக் கொழுந்தனார் கையெழுத்துப் போட்டு,
பேனாவை மூடாமல் வைத்துவிட்டுப் போனார்.
அதற்குப் பிறகு இவருக்கும் அவருக்கும்
கோயிலில்கூட வேறு வேறு வாசல்.
இன்று ராத்திரி பாஸ்காப் பூசை முடிந்து
சாப்பிட வருகிறோம் என்று
செலின்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கருவை எல்லாம் ஒரே சட்டியில் தட்டினேன்.
எது எந்த முட்டையுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.
வாத்துக் கரு வெளிறிப் போவதில்லை,
காவி அடித்த சுவர் மாதிரி.
மசித்து,
தஞ்சாவூரில் வாங்கிய மயோனைஸ் நாலு கரண்டி,
நுணுக்கிய கடுகு, மிளகு, எலுமிச்சை அரை மூடி.
உப்பு?

உப்புப் பார்க்க ஆளில்லை.
நாற்பது நாளாகக் கவிச்சி தொடவில்லை நான்.
இன்னும் ஒன்பது மணிநேரம், அதற்குள் விடுவதா.
பக்கத்து வீட்டுத் தையல்நாயகியைக் கூப்பிட்டேன்.
"சனிக்கிழமையும் அதுவுமா?" என்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
குனிந்து முகர்ந்துவிட்டு
"போதும்போலத்தான் இருக்கு" என்றாள்.

பால் கவரைக் கழுவி, மூலையைக் கத்தரித்து,
மருதாணிக் கோன் பிடிப்பதுபோலப் பிடித்துக்
குழி குழியாக நிரப்பினேன்.
தடித்த பாதிக்கும் மெலிந்த பாதிக்கும்
ஒரே அளவு குவியல்.
மேலே பொரித்து நொறுக்கிய மோர்மிளகாய்.
எவர்சில்வர் தாம்பாளம், ஈரத் துணி,
பிரிட்ஜின் கீழ்த்தட்டு.

விளக்கணைத்து மெழுகுவத்தி ஏற்றியபின்
சாமியார் கேட்டார்:
சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?
விட்டுவிடுகிறேன் என்றது ஊர்.
நானும் சொன்னேன்.
பிரிட்ஜில் இருபத்துநாலு இருந்தது.

ஒன்றரை மணிக்கு வந்தார்கள்.
பிள்ளைகள் இரண்டு கையிலும் எடுத்தார்கள்.
கொழுந்தனார் ஒன்றை முழுசாக வாயில் போட்டு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே மென்றார்.
"உப்பு கொஞ்சம் கம்மி."
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
இவர் எழுந்து போய்
உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து
அவர் முன்னால் வைத்தார்.
"இந்தா."

கடைசியில் ஒரு பாதி மிஞ்சியது.
இவர் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.
"சர்வேயரைக் கூப்பிடவா?" என்றாள் செலின்.
பிள்ளைகளுக்குப் புரியவில்லை.
அண்ணனும் தம்பியும்
சிரிக்கலாமா என்று
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மூன்று மணிக்குத் தாம்பாளம் கழுவும்போது
அதை நான் தின்றேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.