படகுகள் உள்ள கட்டங்கள்

செவ்வாயும் வியாழனும், மாலை ஆறு மணி.
மீன் ஏலக் கூடத்துக்கு மேல்மாடி.
எட்டுக் கணினி, ஒன்பது பேர்,
ஜன்னலுக்கு வெளியே கலீசியாவின் ஓயாத மழை.

முதல் நாள்
"மவுஸை மேலே நகர்த்துங்கள்" என்றேன்.
எலாதியோ அதைக் கையில் எடுத்து
தலைக்கு மேலே தூக்கினார்.
யாரும் சிரிக்கவில்லை,
நான் சொன்னதைத்தானே செய்தார்.
அன்றிரவு என் குறிப்பேட்டில்
'மேலே' என்பதை அடித்துவிட்டு
'உங்களை விட்டுத் தள்ளி' என்று எழுதினேன்.

கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காதீர்கள் என்றேன்.
எல்லோரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

டொரிந்தாவுக்கு இரட்டைச் சொடுக்கு வர
மூன்று வாரம் ஆனது.
முதல் சொடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு மூச்சு விடுவாள்,
கதவைத் தட்டிவிட்டு
உள்ளே காலடி கேட்கிறதா என்று நிற்பவள்போல.
அவளை அவசரப்படுத்தத்தான்
மணிக்குப் பதினோரு யூரோ எனக்கு.

ஒதிலியா கடைசி வரிசை.
இருபத்தாறு வருடம் சிப்பிகளை டப்பாவில் அடுக்கியவள்.
கொதிநீரும் உப்பும் தின்றது போக
விரல் நுனியில் ரேகை மிச்சமில்லை,
அவள் போனே அவளை அடையாளம் காணாது.
மார்ச்சில் புது இயந்திரம் உள்ளே வந்தது,
நாற்பது பேர் வெளியே வந்தார்கள்.

உதவித்தொகைப் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
கோழி கொத்துவதுபோல் ஒற்றை விரலால்
பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு,
வேலையை விட்டதற்கான காரணம்
(அதற்கு நான்கே விடைகள், நான்கும் அவளுடையதல்ல),
நாற்பது நிமிடம் கழித்து
அடியில் ஒரு சின்னப் பெட்டி:
நான் ரோபோ அல்ல.

"இது கேட்கிறதா? என்னிடம்?"

பிறகு ஒன்பது படங்கள்.
படகுகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
"இது படகில்லை, சிப்பி வளர்க்கிற மிதவை. எங்கும் போகாது.
இது முன்னொரு காலத்தில் படகு,
அடிப்பலகையே இல்லை பார்.
இது படகின் நிழல்."
ஆளில்லாத வெறும் கடல் இருந்த கட்டத்தை மட்டும்
தயங்காமல் தொட்டாள்.
"நுரைக்கோடு தெரிகிறதே,
இப்போதுதான் ஒன்று கடந்து போயிருக்கிறது."

மீண்டும் முயற்சிக்கவும்.

முயற்சித்தாள். வேறு ஒன்பது படங்கள்.
வகுப்பே எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் கூடியது.
துடுப்பு இல்லாத தோணி சேருமா சேராதா என்று
ஃபிஸ்ஸுக்கும் டொரிந்தாவுக்கும் சண்டை,
பழைய ஒரு கடன் விவகாரமும் அதில் வந்து கலந்தது.
மீண்டும் முயற்சிக்கவும்.
கீழே ஏலக் கூடத்தில் யாரோ தரை கழுவும் சத்தம்.
ஒதிலியா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குத் தெரியும்.
தெரிந்ததை ஒருவரிடமிருந்து
எப்படி வாங்கி வைப்பது?
கடைசியில் சொன்னேன்:
"கடலையே பார்க்காத ஒருத்தி
எதையெல்லாம் படகு என்பாளோ,
அதைத் தொடுங்கள்."

திரும்பிப் பார்த்தாள்.
"உன்னை மாதிரி."
"என்னை மாதிரி."

(நான் மலைப்பக்கத்துக்காரி. அவர்களுக்கு அது தெரியும்.)

என் கண்ணால் பார்த்தாள்:
மிதவை, படகு.
உடைந்து கிடப்பது, படகு.
நுரையை விட்டுவிட்டாள், விரல் கொஞ்சம் அங்கே நின்றது.
பச்சை நிறத்தில் ஒரு குறி விழுந்தது.
அவள் மனுஷிதான்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.
பக்கம் காலாவதியாகிவிட்டது, மன்னிக்கவும்.

முதலிலிருந்து. பெயர், பிறந்த தேதி.
இம்முறை இருபது நிமிடம்தான், அதை நான் கவனித்தேன்,
அவள் கவனிக்கவில்லை.
அடியில் அதே பெட்டி, ஒன்பது படங்கள்:
போக்குவரத்து விளக்குகள்.
இந்த ஊரில் இருப்பதே ஒன்று,
அதுவும் மஞ்சளில் மட்டும் எரிவது.

முப்பது வருடம் லாரி ஓட்டிய எலாதியோ
நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துப் போட்டு
அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"நகரு."