நீல மூடிக் குழாய்

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
சிவப்பு ஆறு, மேலிருந்து பார்த்தால்,
உப்புத் தூவாத ஒரு தெரு.

பின்னேரப் பணி.
சுழல்பொறி நிற்க, நீல மூடிக் குழாயில்
வைக்கோல் நிறத்தில் தெளிகிறது பிளாஸ்மா.
வயது பத்தொன்பது. இடது தொடையில் இரத்தக்கட்டி.
பார்கோடுக்கு மேலே: தர்மிளா.
என் கண் ஒரு கணம் கூடுதலாய் நின்றது.

புரோட்டீன் எஸ் முப்பத்தெட்டு.
அறுபதாவது இருக்கவேண்டும்.

உறைவதற்கு இரத்தத்திடம் காரணங்கள் ஏராளம்.
உறையாதிருக்கச் சிலரைத்தான் நம்பியிருக்கிறது:
ஆண்டித்ராம்பின், புரோட்டீன் சி, அதன் கைத்துணை எஸ்.
வசந்தத்துக்கு முன் ஆற்றுப் பனியை உடைக்க வரும்
இயந்திரங்கள் என்று முதலில் எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
இவர்கள் உடைப்பவர்கள் அல்ல,
பனி பிடிக்குமுன்னே
தண்ணீரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்.

டாக்டர் கோவால்ச்சுக் அழைத்தார்.
"பரம்பரையா? உனக்கு அவர்களின் மொழி தெரியுமே, கேள்."

தாய்தான் எடுத்தார்.
"பிள்ளை ஒரு மருந்தும் எடுக்கிறேல்லை.
எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை.
அவற்ர பக்கம் எனக்குத் தெரியாது."
ஒரு குறைந்த எண்
இருபது வருடப் பழைய வழக்கைத் திறக்கப் பார்த்தது.

"ஃபோனைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ அம்மா.
கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

கதவு. மூச்சு. பிறகு,
"பதினாலு மாசமா, அக்கா.
முகப்பருவுக்கெண்டுதான் தொடங்கினது."
அதை நான் நம்பவும் தேவையில்லை, மறுக்கவும்.

கடுகிலும் சிறிய ஈஸ்ட்ரோஜன்.
கர்ப்பிணியின் ஈரலுக்குச் சொல்வதையே
இவளுடைய ஈரலுக்கும் சொல்லியிருக்கிறது:
எஸ்ஸைக் குறை, உறைவதைக் கூட்டு,
பேற்றில் இரத்தம் போய்விடும்.
வராத பிரசவத்துக்கு
உடல் கட்டிவைத்த அணை.

அதே கொலஸ்ட்ராலில் பிறந்த உறவுக்காரர்கள்,
ஆண் ஹார்மோன் சாயலில் சில ஸ்டீராய்டுகள்,
இதே காவலர்களைக் கூட்டுவதும் உண்டு.
குடும்பத்துக்குள் எல்லாரும் ஒரே குணம் என்று
யார் சொன்னது.

அவள் சரி என்ற பிறகுதான்
டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.
அறிக்கையில் தட்டியது இவ்வளவு:
பரம்பரை என்று இப்போது முடிவுகட்ட வேண்டாம்.
மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவும்.

தாய் திரும்பி வந்து ஃபோனை வாங்கினார்.
காகிதக் கோப்பை உரசும் சத்தம்.
"என்னவாம் தங்கச்சி, அவற்ர பக்கமோ?"

"இன்னும் ஒருத்தற்ர பக்கமும் இல்லை அம்மா"
என்றேன்.
அடுத்த குழாயை எடுத்து
இரண்டு முறை மெல்லக் கவிழ்த்தேன்.