காதில் மஞ்சள் வில்லை

திபிலிசி. செவ்வாய் மதியம்.
பல் மருத்துவர் இன்று வரமாட்டாராம்.
அலுவலகச் செருப்போடே
பூங்கா மேட்டில் ஏறத் தொடங்கினாள் எத்தேரி.

காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
கேளாமலே முன்னால் நடந்தது,
வளைவுக்கு வளைவு நின்று
வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு.

பெஞ்சில் பகடை உருட்டியவர்
தோற்கிற எரிச்சலில் சொன்னார்:
"மேலே ஒன்றுமில்லை. காற்றுதான்."

காற்றுதான்.
பைன் ஊசிகள் வழுக்கும் சரிவு.
கீழே தகரக் கூரைகள்;
எந்த மாடியிலோ யாரோ கம்பளம் அடித்தார்கள்,
தூசு முதலில் தெரிந்தது,
சத்தம் பிறகு வந்தது.
அரைமணி நேரம் பல்லின் நினைவே இல்லை.

இறங்கும்போது நாய்
மேலேறும் ஒரு குண்டுப் பையனோடு சேர்ந்துகொண்டது.
திரும்பியும் பார்க்கவில்லை.

நன்றியுள்ள பிராணியாம்!
வாய்விட்டுச் சிரித்தாள்.
சுரீரென்றது கடைவாய்.