மதிப்புச் சீட்டு

படங்கில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
மேசையில் அவிழ்த்ததும்
கடைக்குள் மட்டும் மழை விட்டதுபோல் இருந்தது.

காவிச் சுவர், அதன் முன் ஒரு பலகை.
பலகையில் வயிறு பெருத்த மண்சாடி,
சாடியின் இடுப்பில் ரம்பப் பல்லாய் ஒரு கறுப்புக் கரை.
கயிற்றில் கோத்த மிளகாய்.
சப்பாத்திக்கள்ளி இரண்டு மடல்.
ஓரத்தில்
கண்குழியில் நிழல் தேங்கிய மாட்டு மண்டையோடு.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை.
இந்த வகை எனக்குப் பழக்கம்.
பங்களாக்கள் காலியாகும்போது
கட்டில் கால்களோடும் கிராமபோனோடும்
லொறியில் வந்து இறங்கும், பெரும்பாலும் அச்சுப்படம்.
நுவரெலியா ஏலத்தில் ஒன்றை
மான்கொம்பு வாங்கியவருக்கு இனாமாகக் கொடுத்தார்கள்.

"விக்கிறதுக்கு இல்லிங்க" என்றாள்.
"எவ்ளோ பெறும்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு."
யார் என்று நான் கேட்கவில்லை.
பெயர் மட்டும் கேட்டேன், சீட்டுக்கு.
செலஸ்தீனா.

உருப்பெருக்கியை வைத்தேன்.
அச்சுப் புள்ளி இல்லை.
எண்ணெய்ச் சாயமும் இல்லை, எனாமல்,
கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடிக்கிற எனாமல்.
திருப்பினேன். துணி இல்லை, ஒட்டுப்பலகை.
விளிம்பு நெடுக ஆணி பிடுங்கிய துளைகள்,
மூலையில் பாதி அழிந்த நிகர எடை.
தேயிலைப் பெட்டியின் மூடி.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.
கொம்பு பின்னால் வளைந்து கிடக்கிறது,
பாலைவன மாடில்லை, நம் எருமை.
மிளகாயும் நீளமில்லை,
குட்டையாய், விறைப்பாய், கொச்சிக்காய்.
சாடியின் கரையில் சம இடைவெளியில்
சாயம் இருமுறை விழுந்த தடம்.
விரலால் எண்ணினேன்.
ஒரு டபிள்யூ, அதன் தோளோடு இன்னொரு டபிள்யூ,
பதினொன்று.
வில்லோமியர் தோட்டத்துப் பெட்டிகளில்
பெயரடிக்கும் பித்தளைத் தகடு,
அதன் முதல் எழுத்து மட்டும்.

பதினோரு மாதம் பனியும் தூறலுமான இடத்தில்
ஸ்டோர் மூலையில் நின்று
ஒருவன் காய்ந்த பொருளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான்.
சொட்டு ஈரமில்லை படத்தில்.
சாடிக்குள்ளும் தண்ணீர் இருக்காது என்று
எனக்கு ஏனோ நிச்சயமாகத் தெரிந்தது.

"அடை மழைக்கு
பிள்ளைங்க சட்டைய இதுக்குக் கீழதான் கட்டுவேன்" என்றாள்.
சிரிக்கவில்லை.
"காயுமா?"
"காயாது. ஆனா கட்டுவேன்."

சீட்டு எழுதினேன்.
ஓவியர்: தெரியவில்லை.
பொருள்: ஒட்டுப்பலகையில் எனாமல்.
விவரம்: மஞ்சள் வெயிலில் பாலைவனப் பொருட்கள்.
குறை: கீழ் வலப்பக்கம் பூஞ்சணம், கொம்பு பிழை.
சட்டகம்: நெடுன், பங்களாக் கண்ணாடியுடையது,
தனியே நாலாயிரம்.
படம்:

அங்கே பேனா நின்றது.
நாலாயிரத்துக்கு மேல் எழுதினால் பொய்,
கீழே எழுதினால் அதுவும் பொய்.
ஆறாயிரம் என்று எழுதினேன்.
தொழிலில் இப்படி எழுதியதில்லை.

படத்தை மேசையிலேயே விட்டு
சீட்டை மட்டும் தாவணிக்குள் மறைத்து வெளியே ஓடினாள்.
எதிரே, பஸ் தரிப்பின் ஓரம், ஒரு த்ரீவீலர்.
பின்சீட்டில் கம்பளித் தொப்பியோடு ஒருவர்
கடைப்பக்கம் பாராமல் இருந்தார்.
வந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

வெகுநேரம் வாசித்தார்.
ஐந்தே வரிதான்.

அவள் திரும்பி வந்தபோது தலை நனைந்திருந்தது.
"அண்ணன். தம்மாமுல பதினெட்டு வருசம் லொறி ஓட்டுனாரு.
உங்ககிட்ட இதக் குடுக்கச் சொன்னாரு."

விலையைத் தொடவில்லை.
'ஓவியர்: தெரியவில்லை' அப்படியே இருந்தது.
மஞ்சள் என்ற சொல்லை மட்டும்
ஒரே கோட்டில் அடித்து
மேலே, பெட்டியில் பெயரடித்த கையின் நேரெழுத்தில்:

வெள்ளை.
போன பிறகுதான் பார்த்தேன்.