சாப்பாட்டுப் பார்சலுக்கு வைத்த கையெழுத்து

மழை விட்ட திங்கட்கிழமை.
கிராண்ட்பாஸ் தேயிலைக் களஞ்சியத்தின் இரண்டாம் வாசலில்
நோட்டீஸ் போர்ட்டைச் சுற்றி மடக்காத குடைகள்.
சிங்களத்தில் நாலு பக்கம்,
ஆங்கிலத்தில் நாலு பக்கம்,
தமிழில் ஒரே வரி:
சகல ஊழியர்களுக்கும் அறிவித்தல்.

குசும்லதா விரல் வைத்து வாசிக்க வாசிக்க
பின்னால் நின்றவர்களுக்கு நான் தமிழில் சொன்னேன்.
எட்டு மணி ஷிப்ட் இனிப் பன்னிரண்டு.
வாரம் நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு.
ஓவர்டைம் என்ற சொல்
எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.
'சங்கம் இணங்கியது' மட்டும்
மூன்று இடத்தில்.

கிளைப் பொருளாளர் நான்.
மாதம் நூற்றைம்பது ரூபாய்.
தேயிலைத் தூசி ஒட்டிய தாள்களை
நீவி, எண்ணி, ரசீது கிழித்துக் கொடுப்பவள்.
சங்கம் இணங்கியதை
போர்ட்டில் பார்த்துத்தான் நானும் அறிந்தேன்.

வாக்கெடுப்பு நடக்கும் என்றார்கள், பெப்ரவரியில்.
பிழையாய் அச்சான லேபிள் தாள்களைக் கேட்டு வாங்கி
மகளின் அடிமட்டத்தை வைத்து
இரவிரவாக வெட்டினேன், நூற்று நாற்பத்தாறு துண்டு.
ஒரு பக்கம் தங்க நிறப் பாய்க்கப்பல்.
வெறும் பக்கத்தில் ஆம், இல்லை,
பக்கத்தில் ஒவ்வொரு கட்டம்.
பிஸ்கட் டின்னின் மூடியில்
ஃபரீனாவின் கணவர் ஒரு வாய் வெட்டித் தந்தார்.
அன்றிலிருந்து லொக்கருக்கு மேலே
பசித்துக் கிடக்கிறது டின்.

மத்தியானம் தலைவர் பெனடிக்ட் வந்தார்.
இதே வாசலில் ஒருகாலம்
பொலிஸ் அடியில் இரண்டு பல் கொடுத்தவர்.
அதை நான் மறக்கவில்லை, அவரும்தான்.
"நேரமில்லை தங்கச்சி.
கையெழுத்து வைக்காட்டி மெஷினைக் கழற்றிக்கொண்டு
கட்டுநாயக்காவுக்குப் போயிருப்பாங்கள்.
உங்களுக்காகத்தான் செய்தது."

அங்கத்தவர் சம்மதம் எங்கே என்று கேட்டேன்.
பையைத் திறந்து ஒரு கொப்பி தந்தார்.
என் கையெழுத்து.
பாக்கியசீலனின் வால் நீண்ட 'ன்'.
சின்னமணி அக்காவின் பெருவிரல்.
தாளின் ஓரத்தில் ஒரு கறை,
போட்டோ கொப்பியில் சாம்பல் நிறம்.
அது பருப்புக் கறி.
மே தினத்தில், கெம்பல் மைதானத்தில்
சாப்பாட்டுப் பார்சல் வரிசையில் வைத்த கையெழுத்துகள்.
வலது பக்கத்தில் இன்னொரு நிரல் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது,
அதை மறைத்துக் கொப்பி எடுத்திருக்கிறார்கள்:
கோழியா, மரக்கறியா.
இந்த வருடம் சங்கம் எங்களைக் கேட்ட
ஒரே கேள்வி.

புதன்கிழமை, தேத்தண்ணிக்கு விட்ட பதினைந்து நிமிடத்தில்
டின்னை இறக்கி லேபிள் மேசையில் வைத்தேன்.
இனி எதற்கு என்றாள் ஒருத்தி,
என்றபடியே வரிசையில் நின்றாள்.
பென்சில் இரண்டுதான் இருந்தது.

ஆம், எழுபத்தொன்று.
இல்லை, அறுபத்திரண்டு.
செல்லாதவை நாலு,
அதிலொன்றில் கொட்டை எழுத்தில் 'கோழி'.

ஆம்தான் வென்றது.
மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால்
மஸ்கெலியாவில் விட்டு வந்த பிள்ளையைப்
பார்த்துவிட்டு வரலாம் சிலருக்கு.
கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பெனடிக்ட் அண்ணை,
கூட்டிப் பார்த்தால் அதே விடைதான்.
நான் 'இல்லை' போட்டவள்.
தோற்றது எனக்கு நோகவில்லை.

இன்று சந்தா நாள்.
சின்னமணி அக்கா பதிவுப் புத்தகத்துக்கு மேல்
மை தொட்ட விரலை நீட்டி
தாளில் படுமுன் நிறுத்தினார்.
"இது என்னத்துக்கு?"
வாசித்துக் காட்டினேன்.
திகதி, தொகை, மாதம்,
அடியில் பொடி எழுத்தில் இருந்த
அச்சகத்தின் விலாசம் வரை.
"மற்றப் பக்கம்?" என்றார்.
புரட்டிக் காட்டினேன். வெறுமை.
அதன்பிறகுதான் விரல் வைத்தார்.
வரிசை கதவைத் தாண்டி நீண்டது.
ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.