பதினேழாம் விலா

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வருவேன்.
டொக்யார்ட் வாசலில் பையைக் கவிழ்க்க வேண்டும்:
சோற்றுப் பெட்டி, குடை, அடையாள அட்டை,
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய
பொலிஸ் பதிவுத் துண்டு.
பெனடிக்டா என்று வாசிக்கையில்
காவலாளியின் முகம் கொஞ்சம் இளகும்.
பிறந்த இடத்தை வாசிக்கையில்
பழையபடி ஆகும்.

உள்ளே, தகரக் கூரையின் கீழ்
குப்புறக் கிடந்தது படகு.
இருபத்து நான்கு மீட்டர் அலுமினியம்.
பெயரில்லை. இலக்கமில்லை.
கடலைப் பார்த்ததேயில்லை;
முந்நூறடி தள்டிதான் கடல்.

என் வேலை வெடிப்புத் தேடுவது.
வெல்டிங் தழும்பின்மேல் சிவப்புச் சாயம் அடிப்பேன்.
பதினைந்து நிமிடம் நிற்பேன்.
துடைப்பேன். வெள்ளைத் தூள் அடிப்பேன்.
ஒளித்து வைத்திருந்தால் உலோகம்
தானே சொல்லிவிடும்,
வெள்ளைமேல் மயிரிழையாய் ஊறும் சிவப்பு.
நான் சோக்கட்டியால் வட்டம் போடுவேன்.
பியதிலக பாஸ் தலையில் கை வைப்பார்.
"நங்கி, உன் கண்ணுக்குக் கண்ணூறு பட."

சித்திரையில் இரண்டு கிரேன்கள் சேர்ந்து
படகை மல்லாத்தின.
விலா எலும்புகள் தெரிந்தன.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
பதினேழாவதுக்கு மேலே
துவக்கு உட்காரப் போகும் வட்டம்.
வட்டத்தில் அப்போது
யாரோ கழற்றி வைத்த செருப்பு.

அங்கேதான் கண்டேன்.
என் சின்னவிரல் நீளம்.
பாஸ் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
சுற்றிலும் யாருமில்லை.
துணி கையிலேயே இருந்தது.

பேசாலையில் என் தம்பி எமிலியான்
இரவில் வலை விடுகிறான்.
தேடுவிளக்கு திரும்பும்போது
சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும்
உயர்த்திப் பிடிப்பானாம்,
தான் மீன்காரன் என்று.
சட்டைக்கு எப்படித் தெரியும் அது.

துணி கையிலேயே இருந்தது.
நிமிடங்களை எண்ணினேன் என்று சொன்னால் பொய்.
மாதாவைக் கூப்பிட்டேன் என்றாலும் பொய்.
புளியாணம் ஊற்றிய சோறு
வெயிலில் பழுதாகுமே என்று நினைத்தேன்.

அப்போது ஏணியில் ஒரு தலை வந்தது.
காலியிலிருந்து வந்த பையன், நேவிச் சீருடை,
முன்பல்லில் இடைவெளி.
படகை எடுத்துப்போக வந்தவர்களில் ஒருவன்.
படுக்கைப் பலகையில் நீட்டிப் படுத்துப் பார்த்தான்.
கால் வெளியே நின்றது.
"அக்கே, தலை எந்தப் பக்கம் வைக்கிறது?"

அவன் கேட்ட பக்கம்
பதினேழாம் விலாவோடு ஒட்டியிருந்தது.

வட்டம் போட்டேன்.
கை நடுங்கியதில் அது வட்டமாகவும் இல்லை.
அறுத்தார்கள். அரைத்தார்கள். திரும்ப ஒட்டினார்கள்.
திரும்பச் சாயம் அடித்தேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
படிவத்தில் தமிழில் ஒப்பமிட்டேன்.
அந்தக் கோப்பில் யாரும் அதை வாசிக்கப் போவதில்லை.

இறக்கிய நாளில் பிரித் ஓதி நூல் கட்டி
பால் பொங்க வைத்தார்களாம்.
எனக்கு அன்று லீவு கொடுத்திருந்தார்கள்,
கேட்காமலே.
முகத்துவாரத்துப் பாறையில் நின்று பார்த்தேன்.
வெள்ளைக் கோடொன்றை இழுத்துக்கொண்டு
அது போன வேகத்துக்கு
எனக்குப் பெருமைதான் வந்தது முதலில்.
அதை யாரிடம் சொல்வது?

ஆவணியில் நிஸ்தார் நானாவின் கொமியுனிகேஷனில்
தம்பியின் குரல், இரைச்சலுக்குள்ளே:
"புதுசா ஒண்டு வந்திருக்கு அக்கா.
வந்த சத்தமே கேக்கேல்ல.
வலையை அறுத்துக்கொண்டு போயிட்டுது.
எங்க செய்யிறாங்களாம் இதை?
ஹலோ, கேக்குதா?"

கேக்கேல்ல என்றேன்.

நாற்பத்திரண்டு ரூபாய் என்றார் நிஸ்தார் நானா.
சில்லறையை எண்ணி வைக்கையில்
என் நகக்கண்ணைப் பார்த்தார்.
"பெருநாளுக்கு மருதாணியா பிள்ளை?"
எங்களுக்கு இப்போது பெருநாள் ஒன்றுமில்லை என்று
அவருக்கும் தெரியும்.